ஸ்தோத்திரக் கடன்: ஜெபக்கூட்டம் நடத்தும் தம்பிக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தை இப்போது நீங்கள்தான் நடத்துகிறீர்கள். "அதே இருபது முகம், அதே பாட்டு, அதே விண்ணப்பம். யாரும் வளர்ந்த மாதிரியே தெரியலண்ணே" என்று நீங்கள் சொன்னதற்குத்தான் இந்தக் கடிதம். இதே மனச்சோர்வோடு தோட்டப்புறத்து ஊர்களில் கூட்டம் நடத்துகிறவர்கள் இன்னும் பலர் இருப்பதால், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வளர்ச்சி இருக்கிறது தம்பி. அதைக் கண்டுபிடித்து, பெயர் சொல்லி, தேவனுக்கு நன்றி செலுத்துகிற வேலையைத்தான் நம் கூட்டங்களில் யாரும் கையில் எடுப்பதில்லை. கடிகாரத்தை வைத்து ஒரு வெள்ளிக்கிழமை கவனித்துப் பாருங்கள். பாட்டுக்கு இருபது நிமிடம், வசனத்துக்கு அரை மணி நேரம். விண்ணப்பத்துக்கு அதற்கும் மேலே போகும்: முட்டி வலி, சர்க்கரை, மகனுக்கு வேலை, வீட்டுக் கடன். ஸ்தோத்திரம் மட்டும் "கடந்த நாளெல்லாம் காத்தீரே" என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சகோதரி போன வருடத்தைவிட இந்த வருடம் விசுவாசத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று ஒருவர்கூடக் கர்த்தரிடம் சொல்வதில்லை.

தெசலோனிக்கே பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய இரண்டு நிருபங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். ஐந்தும் மூன்றும் எட்டு அதிகாரம், அரை மணி நேரம் போதும். பின்னணியை அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. பவுல் அங்கே ஜெப ஆலயத்தில் மூன்று ஓய்வுநாட்கள் பேசினார், கலகம் எழுந்தது, இராத்திரியிலேயே ஊரைவிட்டு அனுப்பப்பட்டார். விட்டு வந்த பிள்ளைகள் நிற்கிறார்களா விழுந்தார்களா என்று தெரியாமல் தவித்து, உடன் ஊழியனான தீமோத்தேயுவை அனுப்பினார். நல்ல செய்தி வந்தது. முதலாம் நிருபம் 3:9இல், உங்களுக்காக எவ்விதமாய் ஸ்தோத்திரம் செலுத்துவோம் என்று உருகுகிறார். அடுத்த வசனத்திலேயே, அவர்கள் விசுவாசத்தின் குறைவுகளை நிறைவாக்க வேண்டும் என்று இரவும் பகலும் வேண்டிக்கொள்வதாக எழுதுகிறார். குறை கண்ணில் படுகிறது, ஆனாலும் நன்றி நிற்கவில்லை. 3:12இல் இன்னொரு விண்ணப்பம்: அவர்களுடைய அன்பு பெருக வேண்டும்.

இனி இரண்டாம் நிருபம் 1:3க்கு வாருங்கள். உங்கள் விசுவாசம் மிகவும் பெருகுகிறது, ஒருவரிலொருவர் வைத்திருக்கிற அன்பு அதிகரிக்கிறது, ஆகையால் ஸ்தோத்திரிக்கக் கடனாளிகளாயிருக்கிறோம் என்கிறார். விசுவாசம், அன்பு. முதல் கடிதத்தில் எந்த இரண்டுக்காகக் கேட்டாரோ, இரண்டாம் கடிதத்தில் அதே இரண்டுக்காக நன்றி செலுத்துகிறார். கேட்டதை அவர் மறக்கவில்லை. பதில் வந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். நாம் கேட்பதோடு சரி. அடுத்த வாரம் வேறொன்றைக் கேட்கப் போய்விடுகிறோம்.

அந்த வசனத்தில் "மிகவும் பெருகுகிறது" என்று நாம் வாசிக்கிற கிரேக்க வினை, 'ஹுப்பரௌக்ஸானோ', புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராது. அதன் வேர்ச்சொல்தான் "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்ற இடத்தில், விளையச்செய்தார் என்பதில் இருக்கிறது. விளைச்சல் தேவனுடையது என்பதால்தான் நன்றியும் அவருக்குக் கடன் ஆகிறது. இத்தனை நன்றிக்குரிய அதே சபையில் வேலை செய்யாமல் சுற்றித்திரிந்து வீண் அலுவற்காரராய் இருந்தவர்களும் உண்டு, இதே இரண்டாம் நிருபம் 3:11ஐப் பாருங்கள். பிரச்சினையெல்லாம் தீர்ந்த பிறகு நன்றி சொல்லலாம் என்று பவுல் காத்திருக்கவில்லை.

சரி, இதை எப்படிச் செய்வது? ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள், இரண்டு ரிங்கிட் இருந்தால் போதும். ஓர் ஆளுக்கு எதிரெதிரான இரண்டு பக்கம், இருபது பேருக்கு நாற்பது. இடது பக்கத்தில் அவருக்காக என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். உடம்பு, வேலை, பணம் பற்றிய விண்ணப்பங்களும் இருக்கட்டும். அவருடைய விசுவாசத்துக்காகவோ அன்புக்காகவோ ஒரு விண்ணப்பமாவது அங்கே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வளர்ச்சி வரும்போது உங்களுக்கு அடையாளமே தெரியாது. வலது பக்கத்தில், கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள், அதுவும் தேதியோடு.

வலது பக்கத்துக்கு ஒரு கண்டிப்பான விதி வைத்துக்கொள்ளுங்கள். "நல்லா வளர்ந்துட்டார்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள், அது அபிப்பிராயம். "14ஆம் தேதி, கூட்டம் முடிந்ததும் தானாகவே அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினார், எட்டு மாதமாகப் பேச்சு இல்லாமல் இருந்தது" என்று எழுதினால் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து ஜெபிக்க முடியும்.

எதைத் தேடுவது என்பதற்கு 1 தெசலோனிக்கேயர் 1:3 மூன்று வார்த்தை தருகிறது: விசுவாசத்தின் கிரியை, அன்பின் பிரயாசம், நம்பிக்கையின் பொறுமை. முதலாவது, முன்பு பயந்து செய்யாமல் விட்டதை இப்போது செய்வது. சம்பளக் கணக்கில் தவறி அதிகமாக வந்த பணத்தை ஆபீசில் திருப்பிக் கொடுப்பது அப்படிப்பட்டது. இரண்டாவதில் உடம்பு களைக்க வேண்டும். பிரயாசம் என்றாலே அதுதான். சுவரோரமாய் உட்கார்ந்துவிட்டுப் போகிற அக்கா ஒருநாள் எழுந்து கோப்பிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்குவார், அடுத்த வாரமும் கழுவுவார், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம், ஏனென்றால் அதில் எதுவும் நடக்காது. வியாதி நீங்கவில்லை, மகன் திரும்பி வரவில்லை, ஆனாலும் அந்த அம்மா இந்த வெள்ளிக்கிழமையும் பாட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். அதை எழுதுங்கள்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, பால் வெட்டுக்கு எடுக்கலாமா என்று பார்க்க யாரும் உயரத்தை அளப்பதில்லை, அடிமரத்தின் சுற்றளவைத்தான் அளப்பார்கள். 50 சென்டிமீட்டர் வர வேண்டும். அதற்கு ஐந்தாறு வருடம் ஆகும். நாமோ விசுவாசிகளிடத்தில் உயரத்தை அளக்கிறோம்: சத்தமாக ஜெபிக்கிறாரா, பாடகர் குழுவில் இருக்கிறாரா, புது மைவி கார் வாங்கிச் சாட்சி சொன்னாரா. குரலும் வரமும் ஆசீர்வாதமும் நல்லவைதான், அவற்றுக்காகவும் நன்றி சொல்லலாம். ஆனால் அவற்றை வளர்ச்சி என்று நோட்டில் எழுதாதீர்கள். கூட்டத்துக்குத் தவறாமல் வருவதும் தனியாக ஒன்றும் சொல்லாது. ஈப்போவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிற பையன் மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமைதான் வருவான். வராத நாளில் என்ன செய்கிறான் என்று விசாரித்துப் பாருங்கள், வலது பக்கத்தில் எழுத ஏதாவது கிடைக்கும்.

சுற்றளவு வருமுன் பால் வெட்டிய மரம் பருக்காமல் பின்தங்கிவிடும். ஒரு வாலிபன் வளர்கிறான் என்று கண்டவுடன் சந்தோஷத்தில் ஒரே மாதத்தில் கிட்டார், ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் மூன்றையும் அவன் தலையில் கட்டிவிடுகிறோம். இது நன்றியே அல்ல தம்பி. சபையின் கண்காணியானவன் நூதன சீஷனாயிருக்கக்கூடாது, அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாயிருக்கக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3:6 சொல்வதற்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது: இறுமாப்பு. ஒரு வேலை கொடுங்கள், ஆறு மாதம் விடுங்கள்.

வெள்ளிக்கிழமை வரிசையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பாட்டு முடிந்ததும், விண்ணப்பங்களைக் கேட்பதற்கு முன், பத்து நிமிடம் ஸ்தோத்திரத்துக்கு ஒதுக்குங்கள். விண்ணப்பத்தை முதலில் திறந்தால் நேரம் முழுவதையும் அது தின்றுவிடும். வாரத்துக்கு நான்கு பெயர் எடுத்தால் ஐந்து வாரத்தில் இருபது பேருக்கும் ஒரு சுற்று முடியும். ஒருவருக்கு இரண்டு நிமிடம். ஜெபம் இந்த மாதிரி இருக்கட்டும்: "ஆண்டவரே, இராத்திரி ஷிப்ட் முடித்து கண் எரிய எரிய வந்து உட்கார்ந்திருக்கிற இந்தத் தம்பிக்காக ஸ்தோத்திரம். பொறுமை வேண்டுமென்று மார்ச் மாதம் உம்மிடம் கேட்டோம். சூப்பர்வைசர் திட்டியபோது வாயை அடக்கிக்கொள்ள அவனுக்கு நீர் பெலன் கொடுத்தீர்." பிறகு அதே பொருளில் விண்ணப்பத்துக்குப் போங்கள். கொலோசெயர் முதலாம் அதிகாரம் அப்படித்தான் ஓடுகிறது: நன்றி முதலில், பின்பு 9ஆம் வசனத்தில் "இதினிமித்தம்" என்று தொடங்கி, இன்னும் பலன் தரவேண்டும் என்ற ஜெபம்.

கொலோசெயரைப் பவுல் நேரில் பார்த்ததில்லை, அந்தச் சபையின் ஊழியன் எப்பாப்பிரா வந்து சொன்னதை வைத்தே நன்றி செலுத்தினார். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கும் நோட்டில் பக்கம் ஒதுக்குங்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீடு வரும்போது அம்மாவிடம் கேளுங்கள், அங்கே எந்தச் சபைக்குப் போகிறான், யாரோடு ஜெபிக்கிறான் என்று.

எல்லாவற்றையும் கூட்டத்தில் சொல்லிவிடக் கூடாது. குடியை விட்டு மூன்று மாதம் ஆனவரின் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரித்தால், அவர் ஒருநாள் தவறினால் மறுபடி வாசற்படி ஏற மாட்டார். புருஷன் பெண்சாதி சமாதானமானது அவர்கள் வாயிலிருந்து வரட்டும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் இயேசுவை விசுவாசிக்கத் தொடங்கியிருக்கிற பிள்ளையின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். கைமாறி அது மாலைக்குள் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும். இவர்களுக்கு நீங்கள் தனியாக முழங்காலில் நன்றி சொன்னால் போதும். நோட்டிலும் பெயருக்குப் பதில் முதல் எழுத்தை மட்டும் எழுதுங்கள், நோட்டை மோட்டார் கூடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆளிடமும் சொல்ல வேண்டும். பவுல் தேவனிடம் நன்றி செலுத்தினார், செலுத்துகிறேன் என்று அவர்களுக்கும் எழுதினார். தனியாகச் சொல்லுங்கள், இரண்டு வாக்கியம் போதும்: "அக்கா, நீங்க கோப்பை கழுவுறதப் பார்த்தேன். கர்த்தர் உங்களுக்குள்ள செய்றதுக்காக இந்த வாரம் ஸ்தோத்திரம் பண்ணேன்." அதோடு விட்டுவிடுங்கள். "நீங்க இல்லாட்டி இந்தக் கூட்டமே இல்லக்கா" என்று மூன்றாவது வாக்கியம் சேர்த்தால் நன்றி கர்த்தரை விட்டு அக்காவிடம் போய்விடும், பாரமும் அவர் தோளில் ஏறும். இன்னொருவரோடு ஒப்பிட்டும் சொல்லாதீர்கள். லூக்கா 18இல், மற்றவர்களைப்போல நான் இல்லை என்கிற பரிசேயனின் ஜெபமும் நன்றியோடுதான் தொடங்குகிறது.

உங்களுக்கு ஒரு சோதனை வரும். நீங்கள் சொல்லிக் கொடுத்த பையன் உங்களைவிட நன்றாக வசனம் விளக்குவான், ஜனங்கள் அவனைத் தேடிப் போவார்கள். அன்றைக்கு பர்னபாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தியோகியாவில் தேவனுடைய கிருபையைக் கண்டு சந்தோஷப்பட்டவர் அவர், தர்சுவுக்குப் போய், பின்னால் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலைத் தேடி அழைத்து வந்தவரும் அவர். அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரம் "பர்னபாவும் சவுலும்" என்று தொடங்குகிறது, அது முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" ஆகிவிடுகிறது.

வலது பக்கம் காலியாகவே இருக்கிற பெயர்களுக்கு என்ன செய்வது? பொய்யாக நிரப்பாதீர்கள். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் அவர்களுடைய அன்புக்காக நன்றி சொல்லவில்லை, அங்கே பிரிவினை இருந்தது. அவர்களுக்கு அளிக்கப்பட்ட கிருபைக்காகவும், உபதேசத்திலும் அறிவிலும் கர்த்தர் அவர்களைச் சம்பூரணமாக்கியதற்காகவும் சொன்னார், அது உண்மை. கலாத்தியர் நிருபத்தில் அந்த நன்றிப் பகுதியே கிடையாது. உண்மையாய்ச் சொல்ல ஒன்றும் இல்லாதபோது இடது பக்கத்தில் இன்னும் ஒரு வரி எழுதிவிட்டு, அந்த ஆளோடு போய் ஒரு கோப்பி குடியுங்கள். பல சமயம் பக்கம் காலியாக இருப்பதற்குக் காரணம், நாம் அவரோடு மூன்று மாதமாகப் பேசாமல் இருப்பதுதான்.

நோட்டு வாங்கியவுடன் இருபது பெயரையும் நிரப்ப உட்காராதீர்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்கு நான்கு பேர் போதும். அந்த நான்கில் ஒருவர், கூட்டத்தில் இதுவரை ஒருமுறையும் வாய்விட்டு ஜெபிக்காதவராக இருக்கட்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் அண்ணன்