திரை கருப்பானால் மானிட்டர் போச்சு என்று நினைக்காதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ரெசல்யூஷனையோ (திரையில் எத்தனை புள்ளிகள்) ரெஃப்ரெஷ் ரேட்டையோ (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது) மாற்றியதும் திரை கருப்பாகி, நடுவில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' (எல்லைக்கு வெளியே) என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் வருகிறது. உடனே பதறிப்போய் மானிட்டரைக் கழற்றிக்கொண்டு வருகிறீர்கள். இங்கே வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும் படம் பளிச்சென்று வருகிறது. கோளாறு மானிட்டரில் இல்லை, அதற்கு அனுப்பிய டைமிங்கில்தான், அதாவது எத்தனை புள்ளிகளை எந்த வேகத்தில் அனுப்புவது என்ற கணக்கில்.

1920க்கு 1080 திரைக்கு, கிராஃபிக்ஸ் கார்டு ஒரு வரிக்கு 1920 புள்ளிகளை மட்டும் அனுப்புவதில்லை. வழக்கமான டைமிங்கில் ஒரு வரிக்கு 2200 புள்ளி, ஒரு படத்துக்கு 1125 வரி. கண்ணுக்குத் தெரியாத அந்த மிச்சத்துக்குப் பெயர் பிளாங்கிங். பழைய பிக்சர் டியூப் மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும். அதற்காக விட்ட இடம் அது. எல்சிடிக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனாலும் அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது. 2200, 1125, 60 ஹெர்ட்ஸ் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 14 கோடியே 85 லட்சம் புள்ளி. இந்த 148.5 மெகாஹெர்ட்ஸைத்தான் பிக்சல் க்ளாக் என்கிறோம். கேபிளும் மானிட்டரும் தாங்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஓர் உதாரணம். 1920க்கு 1200 மானிட்டரைப் பழைய சிங்கிள் லிங்க் டிவிஐ கேபிளில் (ஒரு பழைய வகை மானிட்டர் கேபிள்) மாட்டுகிறீர்கள். அதன் எல்லை 165 மெகாஹெர்ட்ஸ். சாதாரண சிவிடி டைமிங்கில் (டைமிங்கைக் கணக்கிடும் ஒரு பொதுவான முறை) 60 ஹெர்ட்ஸுக்கு 193.25 வேண்டும், படம் வராது. அதையே 'சிவிடி ரெட்யூஸ்டு பிளாங்க்' என்று மாற்றினால் 154 போதும், படம் வந்துவிடும். திரையில் தெரியும் புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை, வெற்று இடம்தான் சுருங்கியது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் கஸ்டம் ரெசல்யூஷன் உருவாக்கும் இடத்தில், டைமிங் பட்டியலிலேயே இது இருக்கிறது. எண்களை நீங்களே நிரப்ப வேண்டிய 'மேனுவல்' பக்கம் மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். போனால் ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள், பழைய எண்ணை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் செட்டிங்ஸில் மாற்றும்போது திரை கருப்பானால் எதையும் தொடாதீர்கள். 15 விநாடியில் 'வைத்துக்கொள்ளவா' என்ற கேள்விக்குப் பதில் வராவிட்டால் பழைய நிலைக்கு அதுவே திரும்பிவிடும். பதற்றத்தில் என்டரைத் தட்டினால் தப்பான அமைப்பு அப்படியே நின்றுவிடக்கூடும். அப்போதும் பயம் வேண்டாம், சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படை அமைப்புகளோடு மட்டும் தொடங்கும் முறை) படம் வரும்.

அப்புறம் இன்னொன்று. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு மாதக்கணக்கில் 60லேயே ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு மனசு கேட்பதில்லை. சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். பட்டியலில் 144 இல்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவும் பார்த்துச் சரியாகவில்லையா? எடுத்துவாருங்கள். வரும்போது நீங்கள் மாட்டியிருந்த அதே கேபிளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அது இல்லாமல் எங்களால் காரணத்தைச் சரியாகச் சொல்ல முடியாது.

அன்புடன்,
சர்வீஸ் பிரிவு