அளவுநாடாவைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு

படைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஆள் வரவில்லை என்ற உங்கள் புலம்பல் பல நாடுகளிலிருந்தும் கேட்கிறது. 2022-இல் அமெரிக்கத் தரைப்படை 60,000 பேரைத் தேடியது. 15,000 பேர் குறைந்தார்கள். ஜப்பான் 2018-இல் சேரும் வயது வரம்பை 26-இலிருந்து 32-க்கு ஏற்றியது. 2010-இல் கட்டாயச் சேவையை நிறுத்திய சுவீடன் ஏழே ஆண்டில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது, இம்முறை பெண்களுக்கும் சேர்த்து.

கூட்டம் கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் முதலில் கைவைப்பது தகுதி அளவுகளில்தான். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் பிரிட்டனில் 5 அடி 3 அங்குல உயரம் இருந்தால் போதும். வரிசை நீண்டதும் செப்டம்பரில் 5 அடி 6 ஆக்கினார்கள். நவம்பரில் மறுபடி 5 அடி 3. சுவரில் முதுகை ஒட்டி, குதிகாலைத் தூக்காமல் நின்ற அதே இளைஞன் ஒரு மாதம் தகுதியானவன், மறுமாதம் ஆகாதவன், அப்புறம் மீண்டும் தகுதியானவன். அவன் ஒரு அங்குலமும் வளரவில்லை. (அதுவும் போதாமல் 1916-இல் சட்டம் போட்டே இழுத்தார்கள்.)

உயரத்தைக் குறைத்ததில் எனக்குப் புகார் இல்லை. குள்ளமானவன் சுட்டாலும் குண்டு போகும். உறுத்துவது வேறு. 1966-இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா, நுழைவுத் தேர்வில் தேறாதவர்களையும் எடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். தொழில் கற்றுத் தருவோம், வெளியே வந்ததும் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். பலர் போனது தொழிற்கூடத்துக்கு அல்ல, வியட்நாம் காடுகளுக்கு. மற்றவர்களைவிட அவர்களில் செத்தவர்களின் விகிதம் அதிகம்.

இதற்கு நேரெதிர் 2022-இல் அதே நாட்டின் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் தொடங்கிய ஆயத்தப் பயிற்சி. எடை கூடியவர்களையும் தேர்வில் சறுக்கியவர்களையும் அளவை எட்டும்வரை தயார்செய்து, பிறகுதான் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். செலவு கூடத்தான் செய்யும். ஆனாலும் இதுதான் நேர்மையான வழி.

1973-இல் அமெரிக்கா கட்டாய ஆளெடுப்பைக் கைவிட்டது முதல் சம்பளமும் கல்லூரிப் படிப்பும் காட்டி அழைக்கிறீர்கள். அழையுங்கள். கூடவே, எத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும், கால் போனால் யார் பார்ப்பார்கள், வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும் என்பதையெல்லாம் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள், கையெழுத்துக்கு மேலே, அதே எழுத்தளவில்.