ஏற்காடு காப்பித் தோட்ட நிர்வாகத்தினருக்கு: கடைவாயில் அடக்கும் புகையிலை குறித்து

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்ட உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

இம்மலையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் தோட்டங்களில் பழம் பறிக்கும் பெண்கள் வெற்றிலை பாக்கோடு கடைவாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலையைப் பற்றியே இம்மடல். பீடியைக் கண்டால், சருகு தீப்பிடிக்கும் என்ற பயத்திலாவது அதட்டுகிறீர்கள். சுருக்குப்பையிலிருந்து எடுக்கப்படுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 2016-17-இல் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம் என்றால், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம்.

நிக்கோட்டின் என்பது புகையிலைச் செடி பூச்சிகளை விரட்டுவதற்காக வேரில் தயாரித்து இலைக்கு அனுப்பும் நஞ்சு. செடிப்பேனுக்குப் புகையிலைக் கஷாயம் தெளிப்பதை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பூச்சியின் நரம்பைத் தாக்கும் அதே பொருள், மனித நரம்புகளில், செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து பொருந்த வேண்டிய ஏற்பிகளில் போய் அமர்ந்துகொள்கிறது. மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் சுரந்து சற்று நேரம் தெம்பாக இருக்கிறது. அட்ரினலின் சுரப்பதால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. "குளிருக்கு இதமா இருக்குதுங்கம்மா" என்று மார்கழிப் பனியில் என்னிடம் சொல்லாத பெண் இல்லை. ஆனால், விரல்நுனிக்குப் போகும் இரத்தம் குறைவதால் கை மேலும் சில்லிடத்தான் செய்கிறது.

இதில் சுண்ணாம்பின் பங்கு பலருக்குத் தெரியாது. அதன் காரத்தன்மை உமிழ்நீரில் கலக்கும்போது, நிக்கோட்டின் கன்னத்தின் உட்சவ்வை எளிதில் ஊடுருவும் வடிவத்துக்கு மாறுகிறது. புகைத்தால் சில நொடிகளில் மூளையை எட்டும் அது, அடக்கினால் மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கிறது. ஏறியது சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. காலை ஏழரைக்கு அடக்கியவள் பத்து மணிக்கு மேஸ்திரியிடம் எரிந்து விழுவதைத் திமிர் என்று எழுதிவைக்கிறீர்கள். நாட்பட்ட பழக்கத்தில் எண்ணிக்கை கூடிப்போன ஏற்பிகள் அடுத்த வாய்க்குத் தவிக்கும் நேரம் அது.

வாய்ப்புற்றுக்கு நேர்க் காரணம் நிக்கோட்டின் அன்று, புகையிலையிலுள்ள நைட்ரோசமைன் முதலிய நச்சுகளே என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும், அந்த நச்சுகளை நாள் தவறாமல் வாய்க்குள் கொண்டுவந்து சேர்ப்பது இந்த அடிமைத்தனம்தான்.

கர்ப்பிணிகளின் நிலை இன்னும் மோசம். நிக்கோட்டின் பசியை மந்தப்படுத்துவதால், தூக்குச்சட்டியிலுள்ள சோறு மதியம் வரை திறக்கப்படாமலே கிடக்கிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து அது சிசுவையும் எட்டுகிறது. குறைமாதப் பேறும் எடை குறைந்த குழந்தைகளும் இப்பழக்கமுள்ள தாய்மாரிடையே அதிகம். தாய்ப்பாலிலும் அது கலக்கிறது.

நான் பார்த்த ஒரு தோட்டத்தில், கடையில் புகையிலையைக் கணக்கில் கொடுத்துவிட்டு வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அப்படி எங்கு நடந்தாலும் முதலில் அது நிற்க வேண்டும். ஒன்பதரை மணிக்குத் தேநீரோடு வயிற்றுக்கு ஏதேனும் கொடுங்கள். பசிக்காகவே அடக்குபவர்கள் பாதி வழி வந்துவிடுவார்கள். மருத்துவ வசதியையும் குழந்தைகள் காப்பகத்தையும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அந்தப் பொறுப்பின் பேரில், விட விரும்புவோருக்கு மருத்துவர் ஆலோசனையுடன் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கச் செய்யுங்கள். கர்ப்பிணிகளை மட்டும் மருத்துவரிடமே நேரில் அனுப்புங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை எடை போடும் இடத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

விட்ட முதல் சில நாட்களில் எரிச்சலும் கவனக்குறைவும் உச்சத்தில் இருக்கும், பிறகு சில வாரங்களில் தணியும். அந்த நாட்களில் ஒருத்தி பறிக்கும் பழம் எடையில் குறைந்தால், அதற்காகக் கூலியைக் குறைக்க வேண்டாமென்று மேஸ்திரிகளுக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். பழ எடுப்புக்கு ஆள் சேர்க்கும் ஐப்பசிக்குள் இது நடந்தால் நல்லது.

இங்ஙனம்,
ஏற்காட்டில் வாழும் ஓய்வுபெற்ற செவிலியர்