அறுந்த வேர்

சிட்கா, அலாஸ்கா
மே மாதக் கடைசி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குத் திட்டாதே. இங்கே இப்போது இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் முழுதாகப் போவதில்லை. வெளிச்சம் இருக்கும்வரை யாராவது வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன பிறகும் வடகம் காயப்போட மேலே போகிறாயாமே. உன் மகள் போனில் போட்டுக்கொடுத்துவிட்டாள்.

நீ எழுதியதில் ஒரு விஷயம் எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓலைப்பெட்டி முடையச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள், “எனக்கே அரைகுறைதான், எல்லாம் எங்க ஆச்சியோட போச்சு” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் பதில் சொல்வதைவிட, இங்கே ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

நான் உதவியாளராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி வருவார். டிலிங்கிட் இனத்தவர். இந்தத் தென்கிழக்கு அலாஸ்காத் தீவுகளும் எதிர்க்கரையும் அவர்களின் பூர்வீக மண். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளி. முதல் தடவை பார்த்தபோது மீன் விற்க வந்தவர் என்று நினைத்துவிட்டேன்.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக் காட்டுக்கு வேர் எடுக்கப் போனோம். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேர். அதில்தான் இவர்கள் கூடை முடைவார்கள். மழை சிணுங்கிக்கொண்டே இருந்தது. கரடி இருக்கும் தீவு என்பதால் சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வேரில் கைவைக்கும் முன் எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார் பாட்டி. பெயரை மட்டும் சொன்னால் போதாது. அண்டங்காக்கை, கழுகு என்று அவர்களிடம் இரண்டு பெரும் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் பல குலங்கள். பிள்ளைக்கு அம்மாவின் குலம்தான். கல்யாணம் எதிர்ப்பிரிவில்தான் செய்ய வேண்டும் என்பது பழைய முறை. சிட்காவில் கிக்ஸ்ஆதி குலம் அண்டங்காக்கைப் பக்கம், காக்வான்தான் கழுகுப் பக்கம். பங்காளி, மாமன் மச்சான் கணக்கில் வளர்ந்த எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. கூட வந்த டீச்சருக்குத்தான் தலை சுற்றியது. என் முறை வந்ததும் அம்மா பெயரையும் அம்மாவைப் பெற்ற ஆச்சி பெயரையும் ஊரையும் சொன்னேன். பாட்டி தலையசைத்தார். பாஸாகிவிட்டேன் போல.

இன்னொரு வேடிக்கை. அவர்கள் மொழியில் உதட்டை ஒட்டிப் பேசும் எழுத்தே கிடையாது. ப-வும் இல்லை, ம-வும் இல்லை. “அம்மா” என்று சொல்ல வழியில்லாத மொழி! அம்மாவுக்கு “ட்லா” என்கிறார்கள். அதற்குப் பதிலாகத் தொண்டையிலும் நாக்கின் ஓரத்திலும் அவர்கள் எழுப்பும் ஒலிகளைக் கேட்டால் நம் ழகரத்தைப் பற்றிப் பெருமை பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளத் தோன்றும்.

சரி, வேருக்கு வருகிறேன். பாசியை மெத்தை மாதிரி விலக்கினால் மண்ணுக்குச் சற்றுக் கீழேயே வேர் ஓடுகிறது. மணல் கலந்த இடத்தில் வளைவில்லாமல் நீளமாகப் போகும். விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே அது போகும் வழியில் நாமும் தவழ்ந்து போக வேண்டும். ஒரு மரத்தில் ஒன்றிரண்டு வேர்தான் எடுக்கலாம். எடுத்ததும் பாசியைத் திரும்ப மூடிவிட்டு மரத்துக்கு “குனல்ச்சேஷ்” சொல்ல வேண்டும். நன்றி என்று அர்த்தம். நீ இல்லாமல் இது நடந்திருக்காது என்பதுதான் அதன் உள்ளர்த்தம் என்று இங்கே விளக்குகிறார்கள்.

எடுத்த வேரைத் தீயில் வாட்டினார்கள். பட்டை உப்பி, ‘புஸ்’ என்று ஆவி வரும். அந்தச் சூட்டோடு, நடுவில் பிளந்து நட்ட ஒரு குச்சியின் பிளவில் வேரை வைத்து இழுத்தால் பட்டை முழுக்க உரிந்து, உள்ளே வெண்ணெய் நிறத்தில் வழுவழுவென்று வேர் வெளியே வருகிறது. முருங்கைக்காய் நார் உரிப்பது மாதிரி என்று நினைத்தேன். முதல் இழுப்பிலேயே கை சுட்டது.

கஷ்டமே அதற்கப்புறம்தான். வேரை நீளவாக்கில் இரண்டாகக் கிழிக்க வேண்டும். நுனியை நகத்தால் பிளந்து, ஒரு பாதியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு பாதியைக் கையால் மெல்லப் பிரிக்கிறார் பாட்டி. வெளிப்பக்கம் பளபளப்பு, அது குறுக்கே பின்னும் ஊடைக்கு. உள்பக்கம் மங்கல், அது நெடுக்கே நிற்கும் பாவுக்கு. பாதி தூரம் நன்றாக வரும், திடீரென்று ஒரு பக்கம் மெலிந்துகொண்டே போகும். நான் மெலிந்த பக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அதையே பிடித்து இழுத்தேன். அறுந்துபோனது. “தடித்த பக்கத்தை வளைத்து இழு, பிளவு தானாக நடுவுக்குத் திரும்பி வரும்” என்றார். வந்தது! அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உன்னிடம் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

ஒரு பையன் நான்கு வேரை வரிசையாக அறுத்துவிட்டான். முகம் சுருங்கி, துண்டுகளை யாருக்கும் தெரியாமல் தீயில் போடப் போனான். பாட்டி கையை நீட்டி வாங்கி, அளவு பார்த்து, தன் வாளியில் போட்டுக்கொண்டார். “சின்னக் கூடைக்கு இது போதும். எனக்கு இனிமேல் சின்னக் கூடை போட்டால்தான் முடிக்க முடியும்” என்றார். பையன் ஐந்தாவது வேரை எடுத்தான். பிரமாதம், சூப்பர் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க ‘வெரி குட்’டை வாரி இறைக்கிறோம், ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு பெண் கேட்டாள், “உங்களுக்கு இதை உங்க பாட்டியா சொல்லிக்கொடுத்தாங்க?” இல்லை என்றார். சின்ன வயதில் விடுதிப் பள்ளியில் போட்டுவிட்டார்களாம். அங்கே டிலிங்கிட்டில் பேசினால் தண்டனை. அவருக்கு மட்டும் நடந்ததில்லை; ஒரு தலைமுறையே அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு வளர்ந்தது. வீடு திரும்பியபோது அவருடைய பாட்டி உயிரோடு இல்லை, கூடைகள் மட்டும் இருந்தன. வேர் கிழிக்கக் கற்றுக்கொண்டபோது இவருக்கு வயது 52. “நான் உங்களுக்கு ரெண்டு அடி முன்னால நடக்கிறேன், அவ்வளவுதான். எல்லாம் தெரிஞ்ச பிறகு சொல்லித்தரலாம்னு இருந்திருந்தா இன்னும் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்” என்றார். எனக்கு உடனே உன் ஞாபகம்.

அறுந்துபோக இருந்த கலையை இப்படித் திரும்பப் பிடிப்பது இங்கே ஒன்றும் புதிதில்லை. மலையாட்டு ரோமமும் மஞ்சள் சீடர் மரப்பட்டை நாரும் சேர்த்துத் திரித்து நெய்யும் சில்கட் போர்வை என்று ஒன்று உண்டு. ஒன்றை முடிக்க ஒரு வருஷம்கூட ஆகும். நெய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்த 1985இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஜென்னி த்லுனாட் ஹேன்ஸ் என்ற ஊரில் உட்கார்ந்து பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். ஆனால் அதற்குள் கலை கைமாறிவிட்டது. அவரிடம் கற்றவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுத்தந்து, இன்று இளம்பெண்கள் தறிமுன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அங்கூன் என்ற டிலிங்கிட் ஊரின் கதையைச் சொன்னால் உனக்குக் கோபம்தான் வரும். 1882 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படை அந்த ஊரைக் குண்டுபோட்டு எரித்தது. வீடு, சேமித்த உணவு, படகு எல்லாம் போயின. மன்னிப்புக் கேட்க 2024 வரை ஆனது! அதற்கு முந்தைய வருஷம், அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வெய்ன் பிரைஸ் என்ற செதுக்குக் கலைஞரோடு சேர்ந்து ஒரே மரத்தைக் குடைந்து படகு செய்து கடலில் இறக்கினார்கள். குடைந்த மரத்தில் தண்ணீர் ஊற்றி, சுட்ட கற்களைப் போட்டு, ஆவியில் மரம் இளகியதும் பக்கங்களை விரிப்பார்களாம். அந்தக் குண்டுவீச்சுக்குப் பிறகு அங்கே செய்த முதல் மரப்படகு அதுதான்.

வீட்டுச் செய்தி பெரிதாக இல்லை. இவருக்கு வேலை அப்படியேதான். ஊரை விட்டு வெளியூர் போக ரோடு கிடையாது, கப்பல் அல்லது விமானம்தான் என்பதால் தேங்காய் வந்தால் அன்றைக்குத் திருவிழா. வசந்தத்தில் ஹெம்லாக் மரக்கிளையைக் கடலில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஹெர்ரிங் மீன் வந்து அதில் அப்பிவிட்டுப் போகும் முட்டையைக் கிளையோடு எடுத்துச் சாப்பிடுவார்கள். பாட்டி எனக்கும் ஒரு பை கொடுத்தனுப்பினார். வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பொரியலாக்கினேன். பாட்டியிடம் இதை நான் சொல்லவில்லை.

என் வேர்ச்சுருள் அடுப்படி ஆணியில் காய்கிறது. ஆகஸ்டில் ஊறவைத்து முடையப் போகிறோம். முதல் கூடையை வைத்துக்கொள்ளக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமாம். யாருக்கு என்று பாட்டி ஒவ்வொருவரையும் கேட்டார். நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். கோணலாகத்தான் இருக்கும். அடுத்த வருஷம் வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போடு. பிள்ளைகளோடு உட்கார்ந்து நீயும் ஒரு பெட்டி முடைந்து வை, மாற்றிக்கொள்ளலாம்.

வடகத்தை மகளை விட்டு எடுக்கச் சொல்.

உன் அன்புத் தோழி