உத்திரமேரூர்ச் சபை: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரை நிர்வகித்த ஊர் மன்றமான சபை 919-இல் தோன்றியதாக உன் கட்டுரையில் எழுதியிருப்பதைப் படித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடு. 919 என்பது சபை தன் தேர்தல் முறையைக் கல்லில் வெட்டிய ஆண்டே தவிர, சபை பிறந்த ஆண்டன்று. பல்லவர் காலத்திலேயே அவ்வூர்ச் சபையார் வயிரமேகத் தடாகம் என்னும் ஏரியைத் தூர்வார அறக்கொடை பெற்று, அதைப் பொறுப்பேற்று நடத்தியிருக்கிறார்கள். ஏரியைக் காக்கும் தேவைதான் ஊரை முதலில் கூடி உட்கார வைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டான 919-இல் எழுதிய விதியை, இரண்டே ஆண்டுகளில், 921-இல், அரசனின் அதிகாரி உடனிருக்கச் சபையே கூடித் திருத்தியது. ஊரின் 30 குடும்புகளிலும் (வட்டங்களிலும்) தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அவன் தரும் ஓலையை நடுவராக இருக்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கலாம் என்று எவ்வளவு நுட்பமாகச் சந்தேகித்திருக்கிறார்கள் பார்! இவ்வாறு வந்த முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டுக் குழுவுக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றார்கள். பதவிக்காலம் 360 நாள்.

நீ விட்டுவிட்ட விதியே எனக்கு மிகவும் பிடித்தது. வாரியத்தில், அதாவது குழுவில், பணியாற்றிக் கணக்குக் காட்டாதவன் பெயரை மட்டுமல்லாமல், அவன் தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மருமகன் என்று உறவினர் பெயர்களையும் குடத்தில் இடக்கூடாது என்கிறது அந்தக் கல்வெட்டு. வீட்டுக்குள்ளேயே பதவி கைமாறும் வழியை நன்கறிந்தவர்களே இப்படி எழுதியிருக்க முடியும்.

ஆயினும் 'மக்களாட்சி' என்று நீ தலைப்பிட்டது எனக்கு நெருடுகிறது. அவ்வூர் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர், அதாவது சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70-க்கு உட்பட்ட ஆண்களின் பெயர்களே குடத்திற்குள் விழுந்தன. ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யத்தையும் (உரைநூலையும்) கற்றவனுக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்று ஒரு சலுகையும் இருந்தது. அந்நிலங்களில் ஏர் ஓட்டியவர்களின் பெயர் அதில் விழவில்லை. உன் பெயரும் விழுந்திருக்காது. இதையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடு.

விடுமுறையில் வரும்போது வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு அழைத்துச் செல்கிறேன். கணக்குக் காட்டாதவர்களைப் பற்றிய வரியைச் சுவரில் நீயே தேடிப் படி.

அன்புடன்,
அப்பா