தரம் 10, 11 பெற்றோருக்கு: இலக்கியப் பாட எழுத்து வேலைகள் பற்றி

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

போன தவணை முடிவில் தரம் 10 பிள்ளைகளின் தமிழ்க் கொப்பிகளை வீட்டுக்கு எடுத்துப் போய் வாசித்தேன். 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை. பாதிக்கு மேற்பட்ட கொப்பிகளில் நம் ஊரில் பனைமரம் நிற்கிறது, கடற்காற்று வீசுகிறது. ஒரு பிள்ளையின் வீட்டு முற்றத்தில் மாமரம் காய்த்துக் குலுங்குகிறது. நாம் இருப்பது தேயிலை மலையில், 4000 அடிக்கு மேலே. ஜூலையில் துவைத்த உடுப்பு காய மூன்று நாள் ஆகிற இடம். எல்லாம் கடையில் விற்கிற ஒரே கட்டுரைப் புத்தகத்திலிருந்து வந்தவை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எழுத்துப் பிழைகூட எல்லாக் கொப்பியிலும் ஒரே இடத்தில்தான்.

பிள்ளைகளை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. பிழை எங்கள் பக்கத்திலும் இருக்கிறது. 'கட்டுரை எழுதிக்கொண்டு வா' என்று ஒரு வரி சொல்லி அனுப்பினால் பிள்ளை வேறு என்ன செய்யும்? தமிழ்ப்பாட ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசி இந்தத் தவணைக்கு மூன்று எழுத்து வேலைகள் வைத்திருக்கிறோம். மூன்றுக்கும் வீட்டில் உங்கள் உதவி வேண்டும்.

முதலாவது, பாடநூல் கதை ஒன்றில் வருகிற ஒருவரைப் பற்றி எழுதுவது. 'நல்லவர், இரக்கமுள்ளவர்' என்று எழுதிவிட்டுப் போனால் புள்ளி கிடைக்காது. அவர் செய்த ஒரு காரியத்தை, சொன்ன ஒரு வார்த்தையை எடுத்துக் காட்டி அதிலிருந்து சொல்ல வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் தமிழ் மொழியும் இலக்கியமும் கட்டாயப் பாடம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த விடைத்தாளுக்கும் இதே பழக்கம்தான் தேவை.

இரண்டாவது, வீட்டில் பாடுகிற ஒரு பாட்டைக் கேட்டபடியே எழுதி, அதற்கு நயம் எழுதுவது. யார் யாருக்குப் பாடுகிறார், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, ஏன் வருகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் ஒப்பாரி பாடச் சொல்கிறார்களே என்று கோபிக்க வேண்டாம், தாலாட்டு போதும். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். நம் மக்கள் பாடியதைக் கேட்டு எழுதிச் சேர்த்து வைத்தவரும் அவர்தான். அந்த வேலையில் ஒரு பக்கத்தை நம் பிள்ளைகளும் செய்யட்டும்.

மூன்றாவதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், வளர்ந்தவன். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போன சொந்தங்களுக்கு எங்கள் லயத்திலிருந்து கடிதம் போகும், கூடலூருக்கும் கோத்தகிரிக்கும். எழுதத் தெரிந்த பிள்ளை என்று என்னை இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார வைப்பார்கள். பக்கத்துக் காம்பரா அம்மாயி சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 'இங்க எல்லாரும் சுகம், அங்க நீங்க சுகமா' என்று தொடங்கும். அப்புறம் மருமகன் குடித்துவிட்டு வந்து செய்ததையெல்லாம் கொட்டுவார். நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருப்பேன். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொள்வார்: 'ஐயோ சாமி, அத எழுதாத. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குன்னு எழுது.' இன்னொரு தாள் எடுத்து ஆட்டுக்குட்டியிலிருந்து தொடங்குவேன். பிறகு பல்கலைக்கழகத்தில், சொல்லாமல் விட்டதும் கதையில் ஒரு பகுதிதான் என்று விரிவுரையாளர் விளக்கியபோது எனக்கு அந்த ஆட்டுக்குட்டிதான் ஞாபகம் வந்தது.

பிள்ளைகள் செய்ய வேண்டியதும் இதுதான். வீட்டில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்து, அவர் யாருக்கு எழுத விரும்புகிறாரோ அவருக்கு ஒரு கடிதம், அவர் வாய்ச் சொல்லிலேயே ஒரு பக்கம். கொழும்பில் இருப்பவருக்கோ இந்தியாவில் இருப்பவருக்கோ இருக்கலாம், இறந்துபோனவருக்கும் இருக்கலாம். அடுத்த பக்கத்தில் பிள்ளை தன் சொந்த நடையில், அவர் எதை முதலில் சொன்னார், எங்கே தயங்கினார் என்று எழுத வேண்டும். வீட்டு விஷயம் கொப்பிக்கு வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். நீங்கள் 'எழுதாதே' என்றால் பிள்ளை எழுதாது, 'இந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார்' என்பது மட்டும் போதும். அம்மா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் நம்மிடம் பலர். இந்த வேலை மனதுக்குப் பாரமாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வேறு வேலை தருவோம்.

பிரட்டு (காலையில் வேலைக்குக் கூடுவது), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கிற இடம்) என்றெல்லாம் எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எழுதலாம். பீலியை 'நீர்க்குழாய்' என்று எழுதினால் மூங்கிலில் தண்ணீர் விழுகிற சத்தம் போய்விடும். ஒரு தகப்பனார் வந்து, 'தோட்டத்துப் பேச்சு வேண்டாம் சேர், அதிலிருந்து வெளியே வரத்தானே பிள்ளையப் படிக்க வைக்கிறோம்' என்றார். அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: பேச்சு மேற்கோள் குறிக்குள் வரும், விளக்கம் எழுத்துத் தமிழில் வரும். எது எங்கே என்று தெரிந்த பிள்ளை பரீட்சையில் தடுமாறாது. அதைப் பழக்குவது எங்கள் பொறுப்பு.

முதல் முறை எழுதுவது வகுப்பிலேயே நடக்கும். பாட்டுக்கும் கடிதத்துக்கும் மட்டும் வீட்டில் குறிப்பு எடுத்துக்கொண்டு வந்தால் சரி. ஆசிரியர் திருத்திய பிறகு வீட்டில் இரண்டாம் முறை எழுத வேண்டும். இரண்டும் ஒரே 80 பக்கக் கொப்பியில் இருக்கட்டும், முதலாவதைக் கிழிக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதற்குத்தான் அதிகப் புள்ளி. கைபேசியில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் கட்டுரை வந்துவிடும், நானும் கேட்டுப் பார்த்தேன். நல்ல தமிழ்தான். ஆனால் அதில் கொழுந்து பறிக்கிறவர்கள் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், ஓர் அட்டைகூடக் கடிக்கவில்லை.

'எங்களுக்கு வாசிக்கத் தெரியாதே, நாங்கள் எப்படி உதவுவது' என்று சிலர் ஒதுங்குகிறீர்கள். பிள்ளை எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வசனம் நீண்டுவிட்டது. உங்களுக்கு விளங்காத இடத்தில் 'என்ன சொல்ல வர்ற?' என்று நிறுத்திக் கேளுங்கள். பிள்ளை அப்போது வாயால் சொல்கிற பதில் பெரும்பாலும் கொப்பியில் உள்ளதைவிட நன்றாக இருக்கும். அதையே எழுதச் சொல்லுங்கள். ராத்திரிச் சமையல் நேரத்தில் பத்து நிமிடம் போதும்.

தவணைப் பரீட்சைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொப்பிகளைப் பார்க்க அழைப்போம். வேலை நாளில் பேரை, அன்றைய கூலியை, விட்டுவிட்டு யாரும் வர வேண்டாம். நீங்கள் வர முடியாவிட்டால் தாத்தாவோ பாட்டியோ வரட்டும், கடிதம் சொன்னவர்களே வந்தால் இன்னும் நல்லது.

ஒரு வேண்டுகோள். இந்தியாவிலிருந்து வந்த பழைய கடிதங்கள் உங்கள் பெட்டிகளில் இருந்தால், சம்மதம் இருந்தால் மட்டும், படம் எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள், வகுப்பில் வாசிப்போம். அசலை அனுப்ப வேண்டாம். எங்கள் அலுமாரியில் எலி இருக்கிறது.

இப்படிக்கு,
அதிபர்