உயிர்காப்புத் திறனைச் செய்யவைத்துச் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தியும் மூச்சு கொடுத்தும் உயிரைக் காக்க முயல்வதே அடிப்படை உயிர்காப்பு. மருத்துவ மாணவர்களின் அந்தத் திறனைச் சோதிக்கும் முறை குறித்து எழுதுகிறேன்.

ஒருநாள் இரவு பேச்சுமூச்சின்றிக் கொண்டுவரப்பட்ட முதியவருக்கு நெஞ்சழுத்தம் கொடுத்த பயிற்சி மருத்துவர், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று கேட்ட மாத்திரத்தில் ஒப்பிக்கக் கூடியவர்தான். ஆனால் அவருடைய முழங்கைகள் மடங்கியிருந்தன. கட்டில் உயரமாக இருந்ததால் உடல் எடை கைகளில் இறங்கவில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழ அவர் இடம் கொடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்கச் சொன்ன பிறகே அழுத்தம் சரியாக விழுந்தது. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அதுவரை அவர் கையைப் பிடித்துத் திருத்தியவர் யாருமில்லை என்பதே என் வருத்தம்.

இதயம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கிவிடுகிறது. எனவே எழுத்துத் தேர்விலும் வாய்மொழிக் கேள்வியிலும் பெறும் மதிப்பெண் இதற்குப் போதாது. அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் பயிற்சிப் பொம்மையின் மீது, ஒவ்வொரு மாணவரும் முழுதாக இரண்டு நிமிடம் செய்துகாட்ட வேண்டும். கை சோர்வது அதற்குள்தான் தெரியும். இதயம் நின்றவரிடமும் சிறிது நேரம் காணப்படும் திணறல் மூச்சை, உயிர்மூச்சு என்று எண்ணி ஏமாறுகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். ஒகேனக்கல்லில் நீரில் மூழ்கி மீட்கப்பட்டவருக்கு முதலில் மூச்சு கொடுக்க வேண்டும், திடீரென மயங்கி விழுந்து இதயம் நின்ற பெரியவருக்கு நெஞ்சழுத்தத்தில் தொடங்க வேண்டும் என்ற வேறுபாட்டையும் செயலில் காட்டச் சொல்ல வேண்டும்.

முதலாமாண்டில் ஒருமுறை கற்றுத்தந்தால் போதும் என்று விட்டுவிடலாகாது. பழகாத கை சில மாதங்களிலேயே மறந்துவிடும். தருமபுரியிலும், 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஆண்டுதோறும் இச்சோதனையை நடத்தி, தவறியவருக்கு அன்றே தவற்றைச் சுட்டிக்காட்டி மீண்டும் வாய்ப்பளிக்க வேண்டும். இதில் தேறாத எவரையும் அவசர சிகிச்சைப் பிரிவின் இரவுப் பணிக்குத் தனியாக அனுப்ப வேண்டாம் எனக் கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பென்னாகரம்.